குவாலிச் சோறும் மூன்று வயிறுகளும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். வானொலியில் இரண்டு மணிச் செய்தி முடிந்து முதல் பாட்டுப் போட்டிருந்தார்கள், அதனால்தான் நேரம் மறக்கவில்லை. என் மகள் மாலதி நீட்டிய உள்ளங்கையில் அவள் அப்பா சோற்று உருண்டை ஒன்றை வைத்தார். அவள் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அப்பா, இதக் கொஞ்சம் பிடிங்க" என்று அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு எழுந்து குளியலறைப் பக்கம் நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் அதைப் பார்த்தும், கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

அந்த உருண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாகான் டாலாமில் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் ஆட்டுக்கறி. காலையில் பாசாருக்குப் போய் என் கணவரே வாங்கி வருவார். நான் குவாலியில், அதாவது அந்த அகலமான இரும்புச் சட்டியில், பிரட்டி எடுப்பேன். கறியைக் கிண்ணத்தில் வழித்து மேசைக்குக் கொண்டுபோன பிறகு சட்டியின் அடியில் எண்ணெயும் மசாலாவும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் சூடான சோற்றைக் கொட்டிக் கையால் பிசைவது அவர் வேலை. மாலதி பல் முளைத்த காலத்திலிருந்து நடந்துவந்த வழக்கம். சமையலறைத் தரையில் மூவரும் குவாலியைச் சுற்றி உட்காருவோம். "கைய நீட்டு" என்பார். முதல் உருண்டை மாலதிக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவதை அவர் வாயில் போட்டுக்கொள்வார். பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக, எங்கள் பேச்சில் கிராணியாக, வாரமெல்லாம் மூட்டைக் கணக்குப் பார்த்துக் கடுகடுவென்று இருக்கும் மனிதர், அந்த அரை மணி நேரம் மட்டும் வேறு ஆளாக இருப்பார். மாலதிக்குப் பதினெட்டு வயதாகி ஆறாம் படிவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோதும் ஞாயிறு மதியம் வந்து கையை நீட்டிக்கொண்டுதான் உட்காருவாள்.

குளியலறையிலிருந்து ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஓடினேன். தரையில் கிடந்தாள். பக்கத்தில் அவள் எடுத்த வாந்தி, காப்பித் தூள் மண்டியைக் கொட்டியதுபோல் கறுப்பாக இருந்தது. அது இரத்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரத்தம் வயிற்றுக்குள் தங்கி அமிலத்தில் ஊறினால் அந்த நிறமாகிவிடுமாம். சில நாட்களாக மலமும் தார்போல் கறுத்துப் போனதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று இருந்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு முனியாண்டி ஜுருவில் கார் பட்டறை வைத்திருந்தார். அவர் வண்டியில் ஏற்றினோம். வழியில் கிளினிக் டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "தீவுல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இப்பவே" என்றார். வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு தீவுக்குக் கடல் தாண்டும் படகைத்தான் பெரி என்போம். பெரித் துறையில் லாரிகளும் கார்களும் வரிசையாக நின்றன. என் கணவர் இறங்கி ஓடினார். "அனாக் சாயா சாகிட், பிள்ளைக்கு முடியல" என்று மலாயும் தமிழும் கலந்து அங்கே நின்ற ஊழியரிடம் கத்தினார். அந்த மனிதர் காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டு எங்களை முதலில் ஏற்றிவிட்டார்.

அந்தக் கடல் அவ்வளவு அகலம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாலதியின் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அம்மா, அந்த உருண்டை என்னாச்சு?"

என் கணவர் முன் இருக்கையிலிருந்து திரும்பினார். அவருடைய வலக் கை இன்னும் மூடியே இருந்தது. விரித்தார். நசுங்கிப்போன சோறும் காய்ந்த மசாலாவும். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் மறுபடியும் மூடிக்கொண்டார்.

மருத்துவமனையில் எல்லாம் வேகமாக நடந்தது. கையில் ஊசி, மூக்கு வழியாகக் குழாய், தொங்கும் இரத்தப் பை. "அம்மா, நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க" என்று மிஸி ஒருத்தி என் தோளைப் பிடித்து நகர்த்தினாள். தாதியரை அங்கே எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். மாலையில் டாக்டர் யோகேஸ்வரி வந்தார். தைப்பிங்கில் பிறந்தவர், எங்களைவிட வயதில் சின்னவர். விரல் தடிமனில் ஒரு குழாய், அதன் முனையில் விளக்கும் கேமராவும் இருக்கும், அதை வாய் வழியாக விட்டு இரைப்பைக்குள் பார்க்கப் போவதாகச் சொன்னார். கதவு மூடியது.

நாங்கள் வெளியே மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். நேரத்துக்குச் சாப்பிட மாட்டாள், மிளகாய்ச் சம்பல் இல்லாமல் சோறு இறங்காது, இரவெல்லாம் படிப்பு, எத்தனை தடவை சொன்னேன்... எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

"புண்ணு இருக்கு. பத்து காசு அளவுக்கு. நடுவுல ஒரு இரத்தக் குழாய் கசிஞ்சுக்கிட்டிருந்தது. நாங்க விட்ட கேமராக் குழாய் வழியாவே ஊசி போட்டு அடைச்சிருக்கோம். இப்ப நின்னிருக்கு" என்றார் டாக்டர். "மறுபடி கசிஞ்சா ஆபரேஷன். பார்ப்போம்."

மறுபடி கசியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை இன்று இவ்வளவு எளிதாக எழுதிவிட்டேன். அன்று அவள் இருமினாலும் எழுந்து உட்கார்ந்தாலும் மிஸியைக் கூப்பிட ஓடுவேன்.

மறுநாள் டாக்டர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஒரு குழி, குழிக்குள் ஜெல்லி. மாலதியின் இரைப்பைச் சுவரிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி அதற்குள் போட்டிருந்தார்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய ஜெல்லி செம்பருத்திப் பூவின் நிறத்துக்கு மாறியிருந்தது.

"கிருமி இருந்தா இப்படிச் சிவக்கும்" என்றார்.

"கிருமியா? கேஸ்திரிக் இல்லையா டாக்டர்?" என்றேன். "இவ நேரத்துக்குச் சாப்பிட மாட்டா. அதுக்கும் மேல இந்த மிளகாய்."

"எல்லா அம்மாவும் அதான் சொல்றாங்க. மிளகாய விட்டுடுங்க, பாவம் அது" என்று சிரித்தார். "அமிலத்துக்குள்ளயே வாழத் தெரிஞ்ச கிருமி இது. முறுக்கின குச்சி மாதிரி இருக்கும். பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்துடும், வீட்டுக்குள்ளயே. கை, வாய், எச்சில் வழியான்னு நினைக்கிறோம். நம்ம ஆளுங்கள்ல நிறையப் பேர் வயித்துல இருக்கு. மலாய்க்காரங்ககிட்ட ரொம்பக் குறைவு. ஏன்னு இன்னும் சரியாத் தெரியல."

என் கணவர் மெல்லக் குனிந்து தன் வலக் கையைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன்.

"நிறையப் பேருக்கு இருக்குன்னா, எல்லாருக்கும் புண் வரணுமே?" என்றேன்.

"வராது. எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி இல்ல. மைக்ராஸ்கோப்புல பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா உள்ள இருக்கிற மரபணு ஆளுக்கு ஆள் மாறும். சில வகையில கூடுதலா ஒரு துண்டு இருக்கு. அந்தத் துண்டு உள்ள வகை வயித்துச் சுவரை அதிகமாப் புண்ணாக்குது. சில பேருக்கு, பல வருஷம் கழிச்சு, புற்றுநோய் வரைக்கும் போகலாம்னு சொல்றாங்க. மாலதிகிட்ட இருக்கிறது எந்த வகைன்னு நாங்க பல்கலைக்கழகத்துல வளர்த்துப் பார்க்கப் போறோம். நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சா உங்க வயித்துலயிருந்தும் கொஞ்சம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டாயம் இல்ல."

"எங்க அண்ணன் வயித்துப் புற்றுலதான் போனாரு டாக்டர்" என்றார் என் கணவர்.

டாக்டர் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "அதுவும் இதுவும் ஒண்ணுன்னு முடிவு பண்ணிடாதீங்க" என்றார். ஆனால் இவர் முடிவு பண்ணிவிட்டார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அன்றிலிருந்து அவர் வார்டுக்குள் வரவில்லை. வேலை முடிந்து என்னோடு பெரியில் வருவார். மருத்துவமனை வாசல் வரை பிளாஸ்கைத் தூக்கி வருவார். மாடிப்படியின் அடியில் நின்று அதை என் கையில் கொடுத்துவிடுவார். பார்வை நேரம் முடிந்து நான் இறங்கி வரும்வரை அங்கேயே நிற்பார். முனியாண்டி வீட்டிலிருந்து வரும் பார்லித் தண்ணீர் அந்தப் பிளாஸ்கில் இருக்கும். ஒவ்வொரு நாளும் மாலதி என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டுக் கேட்பாள்.

"அப்பா வரலயா?"

"கீழ நிக்கிறாருடி."

"கீழ என்னா பண்றாரு, ஜாகா வேலையா?" என்பாள். காவல்காரன் வேலையைத்தான் அப்படிச் சொல்வோம். ஆனால் சொல்லும்போது அவள் சிரிக்க மாட்டாள்.

அடுத்த கட்டிலில் ஒரு சீன மூதாட்டி, அவரும் வயிற்று நோய்க்காரர்தான். என்னைக் கண்டதும் அவரும் "பாப்பா மானா?" என்பார், அப்பா எங்கே என்று. நான் தரையைக் காட்டுவேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் ஆரஞ்சுப் பழம் ஒன்றை மாலதியின் கட்டிலுக்கு உருட்டிவிடுவார்.

மாலதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், புண் ஆறியிருக்க வேண்டும். "ஆறலன்னா?" என்று கேட்டேன். "ஆறலன்னா அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டர். அந்த 'அப்புறம்' என்ற சொல்லை நான் பெரி முழுக்கச் சுமந்துகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால், சமையலறைச் சன்னலோரம் ஒரு தட்டும் ஒரு குவளையும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவருடையவை. அவர் படுக்கும் பாயும் முன் கூடத்துக்குப் போயிருந்தது.

"என்னாங்க இது? உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?"

"அம்மைன்னா வேப்பிலையாச்சும் சொருகி வைக்கலாம். இதுக்கு என்னாத்த வைக்கிறது?" என்றார். "அண்ணனத் தின்ன கிருமிதான் என்கிட்டயும் இருக்கு. அதத்தான் இத்தன வருஷம் அவளுக்கு உருட்டி உருட்டிக் கொடுத்திருக்கேன்."

"டாக்டர் அப்படிச் சொல்லலயே."

"நான் சொல்றேன்."

அம்மை கண்ட வீட்டில் ஒதுங்கி இருப்பது எங்களுக்குத் தெரிந்த ஒன்று. வேறு எந்த நோய்க்கு எப்படி இருப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்ததை வைத்து அவர் ஒதுங்கிக்கொண்டார்.

குழாய்ப் பரிசோதனைக்கு மட்டும் அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். ஊசி என்றாலே முகம் வெளுக்கும் மனிதர். முடிந்து வெளியே வந்து, தொண்டை மரத்த குரலில், "கப்பல் கயித்த முழுங்கின மாதிரி இருக்கு" என்றார். அடுத்து நான் போனேன். ஒப்புக்குத்தான் போனேன். எனக்கு ஒருநாளும் வயிறு வலித்ததில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள்.

எங்கள் இருவருக்கும் ஜெல்லி சிவந்தது. மூன்று பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தார்கள். இரண்டு கிருமிக்கொல்லி மாத்திரை, அமிலத்தைக் குறைக்க ஒன்று. வாயெல்லாம் செம்புக் காசைச் சப்பியதுபோல் ஒரு கசப்பு. மாலதிதான் எங்கள் இருவருக்கும் மாத்திரையை எடுத்து வைத்தாள்.

"மருந்துதான் முழுங்கியாச்சே, தட்ட உள்ள கொண்டாங்க" என்றேன் அவரிடம்.

"ரிசல்ட் வரட்டும்."

இரைப்பைச் சதையிலிருந்து கிருமியை எடுத்து வளர்த்து, அதன் மரபணுவைப் பிரித்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகுமாம். அந்த ஞாயிறுகளை நான் மறக்கவே மாட்டேன். கறி சமைத்தேன். கரண்டியால் பரிமாறினேன். மூன்று பேரும் மேசையில், அவர் மட்டும் கடைசி நாற்காலியில். மாலதி நாலு வாய்க்குமேல் சாப்பிட மாட்டாள். சட்டியின் அடியில் ஒட்டிய மசாலாவை நான் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினேன். அந்தச் சட்டி அத்தனை வருடத்தில் அப்படி வீணாகக் கழுவப்பட்டதே இல்லை.

ஒரு ஞாயிறு மாலதி எழுந்து போய்க் குவாலியைத் தரையில் இறக்கி வைத்தாள். தானே சோற்றைப் போட்டாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெறுங்கையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வெளியே போய்விட்டார். அன்று காலையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது.

அன்று அவள் அழுதாள். இரத்தம் ஏற்றியபோதுகூட அழாதவள். "புண்ணு எனக்கு வயித்துலதானம்மா வந்துச்சு?" என்று கேட்டாள்.

மறுபரிசோதனை நாள் வந்தது. அவர் வேலைக்குப் போய்விட்டார். மாலதியும் நானும் மட்டும் பெரியில் போனோம். அவள் வெறும் வயிறு. நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. காத்திருக்கும் கூடத்தில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் யோகேஸ்வரி வெளியே வந்ததும் எழுந்து நின்றேன்.

"ஆறிடுச்சும்மா. வெள்ளைத் தழும்பு மட்டும் இருக்கு. ஜெல்லியும் இதுவரைக்கும் மஞ்சளாவே இருக்கு. நல்லா ஆயிட்டா" என்றார்.

அழுதேனா சிரித்தேனா தெரியாது. அவர் என் முதுகைத் தட்டினார். பிறகு, "அந்த இன்னொரு ரிசல்ட்டும் வந்திருக்கு" என்று ஒரு புகைப்படத்தை எடுத்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், பக்கம் பக்கமாக மூன்று வரிசை. துணிக்கடையில் கரை போட்ட சேலைகளை அடுத்தடுத்துத் தொங்கவிட்டதுபோல.

"கைரேகை மாதிரி இது. வெவ்வேற வீட்டு ஆளுங்க கிருமிய எடுத்தா கோடு ஒத்தே போகாது. இது மாலதியோடது, இது உங்க வீட்டுக்காரரோடது."

இரண்டும் ஒத்துப்போகவில்லை. எனக்கே தெரிந்தது. அவருடைய வரிசையில் கோடுகள் வேறு வேறு இடத்தில் இருந்தன.

"அவர்கிட்ட இருந்த வகையில அந்தக் கூடுதல் துண்டும் இல்ல. சாது வகை" என்றார். "இது உங்களோடது."

மூன்றாவது வரிசையை அவர் விரலால் காட்ட வேண்டியிருக்கவில்லை. மாலதியின் வரிசையை நகல் எடுத்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு கோடும்.

"அப்படின்னா அந்தத் துண்டு?"

"உங்க ரெண்டு பேருக்கும் இருக்கு."

"எனக்கு வயிறு வலிச்சதே இல்ல டாக்டர்."

"அதான் எங்களுக்கும் இன்னும் புரியாத விஷயம். கிருமியோட மரபணு பாதிக் கதைதான். மீதிக் கதை அது குடியிருக்கிற வயிறு. அதே கிருமி உங்ககிட்ட இத்தன வருஷம் சும்மா இருந்திருக்கு. யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு இந்தப் படம் சொல்லாது. ஒரே வீட்டுக் கிருமின்னு மட்டும்தான் சொல்லும். இப்ப மருந்துல அந்தக் கிருமியும் போயிருக்கும், விடுங்க."

விட முடியுமா? அவள் பிள்ளையாக இருந்தபோது சூடு பார்க்க நான் முதலில் சுவைத்த ஒவ்வொரு கரண்டிக் கஞ்சியும் நினைவுக்கு வந்தது. தொலைபேசிச் சாவடிக்குப் போய்க் காசைப் போட்டுக் கிடங்கு அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.

"ஆறிடுச்சுங்க" என்றேன். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "இன்னொண்ணு. அது உங்களுது இல்ல. என்னோடது."

இன்னொரு காசைப் போட்டேன்.

"ஏங்க, கேக்குதா?"

"எங்க இருப்பீங்க ரெண்டு பேரும்?"

"வாசல்ல, மரத்தடி பெஞ்சில."

வைத்துவிட்டார்.

மாலதியை வெளியே அழைத்து வந்தார்கள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையை என் தோளில் சாய்க்க வந்தாள். நான் பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உணர்ந்தேன். சன்னலோரம் கவிழ்த்து வைத்த அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. அவரை எத்தனை நாள் கடிந்துகொண்டேன்! இப்போது என் கை எனக்கே வேண்டாததாக இருந்தது. பைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது அவர் வந்தார். பெரித் துறையிலிருந்து நடந்தே வந்திருப்பார் போல, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் செய்தித்தாளில் சுற்றிய நாசி கண்டார் பொட்டலம், சோறும் நாலு வகைக் குழம்பும் ஒன்றாகக் கலந்து ஊற்றிக் கட்டித் தருவார்களே, அது.

"அப்பா! ஆபீஸ் இல்லயா?" என்றாள் மாலதி.

"ஆபீஸ் எங்கயும் ஓடிடாதுலா" என்றார். குழாயடிக்குப் போனார். சோப்பு இல்லை. முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வந்து எங்கள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெஞ்சின் ஓரத்தில் பொட்டலத்தைப் பிரித்தார். குழம்பின் மணம் எழுந்தது. எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தது போலவே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தார். விரல்களுக்குப் பழக்கம் போகவில்லை. ஒரே உருட்டில் உருண்டை வந்துவிட்டது.

மாலதி தன்னையறியாமல் கையை நீட்டினாள். முதல் உருண்டை எப்போதும் அவளுடையதுதானே.

"உனக்குத் தொண்டை இன்னும் மரத்திருக்கும். பொறு, உனக்கு அடுத்தது" என்றார் அவளிடம்.

பிறகு நடுவில் இருந்த என் பையை எடுத்துத் தரையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"சரோ, கைய நீட்டு" என்றார்.